தோவேக்கு சொன்னதில் எது பொய்?

கிபியாவில் ஒரு மேட்டின்மேல், மரத்தடியில் இஸ்ரவேலின் ராஜா சவுல் உட்கார்ந்திருக்கிறான். கையில் ஈட்டி. சுற்றிலும் அவனுடைய ஆட்கள் நிற்கிறார்கள். அவன் கொல்லத் தேடுகிற ஈசாயின் மகன் தாவீது இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்று செய்தி வந்திருக்கிறது. "பென்யமீனரே, கேளுங்கள். ஈசாயின் மகன் உங்களுக்கெல்லாம் வயலும் திராட்சைத்தோட்டமும் கொடுக்கப்போகிறானா? உங்களை ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் தலைவர்களாக வைக்கப்போகிறானா?" என்று ராஜா கேட்கிறான். எனக்காக வருத்தப்பட ஒருவனும் இல்லை, என்னிடம் வந்து சொல்ல ஒருவனும் இல்லை என்று புலம்புகிறான். சொந்தக் கோத்திரத்தார் யாரும் வாய் திறந்ததாகக் கதையில் இல்லை. பக்கத்தில் நின்ற ஏதோமியன் ஒருவன் பேசுகிறான். பெயர் தோவேக்கு. சவுலின் மேய்ப்பர்களுக்குத் தலைவன்.

அவன் சொன்னது கொஞ்சம்தான். ஈசாயின் மகன் நோபு ஊருக்கு, ஆசாரியன் அகிமெலேக்கிடம் வந்ததைப் பார்த்தேன். அகிமெலேக்கு அவனுக்காகக் கர்த்தரிடம் விசாரித்தான். வழிக்கு உணவு கொடுத்தான். பெலிஸ்தன் கோலியாத்தின் வாளையும் கொடுத்தான். அவ்வளவுதான்.

அந்த நாள் முடிவதற்குள் ஏபோத்து என்ற ஆசாரிய மேலாடை அணிந்த 85 ஆசாரியர்கள் செத்துக் கிடந்தார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த எண்ணிக்கை 305. வெட்டச் சொன்னபோது சவுலின் காவலர்கள் கை ஓங்க மறுத்துவிட்டார்கள், வெட்டியதும் தோவேக்கேதான். அப்புறம் நோபு ஊரே பட்டயத்துக்கு இரையானது. ஆண்கள், பெண்கள், குழந்தைகள், பால்குடிக்கிற பிள்ளைகள், மாடு, கழுதை, ஆடு என்று முதலாம் சாமுவேல் 22-ஆம் அதிகாரம் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது.

இந்தச் சம்பவத்தின் பெயரில்தான் 52-ஆம் சங்கீதம் வேதாகமத்தில் நிற்கிறது. "ஏதோமியனாகிய தோவேக்கு வந்து சவுலுக்கு அறிவித்தபோது" என்று அதன் தலைப்பு சொல்கிறது. ஆராதனையில் வாசிக்கும்போது அந்தச் சின்ன எழுத்துத் தலைப்பைப் பெரும்பாலும் விட்டுவிட்டு முதல் வசனத்துக்குப் போய்விடுவோம். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் வாசித்தேன். ஒரு நாள் தலைப்பைப் படித்து, சாமுவேல் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தபோது ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. சங்கீதம் இந்த மனிதனைப் பொய்யன் என்கிறது, கபட நாவு என்கிறது. ஆனால் தோவேக்கு சொன்னதில் எது பொய்?

உணவு கொடுத்தது உண்மை. அது சமுகத்தப்பம், கர்த்தரின் சந்நிதியில் வைக்கும் பரிசுத்த அப்பம்; முந்தைய அதிகாரத்தில் இருக்கிறது. வாள் கொடுத்ததும் உண்மை. கர்த்தரிடம் விசாரித்த விஷயம் மட்டும் அந்த அதிகாரத்தில் இல்லை. ஆனால் அகிமெலேக்கே பிறகு, "நான் அவனுக்காக விசாரிப்பது இன்றைக்குத்தான் தொடங்கியதா?" என்று சவுலிடம் கேட்கிறான், அதை மறுப்பாகவும் எடுக்கலாம், ஒப்புதலாகவும் எடுக்கலாம். இன்னும் சங்கடமான விஷயம், அந்தக் கதையில் வெளிப்படையாகப் பொய் சொன்னவன் தாவீது. "ராஜா என்னை ஒரு இரகசியக் காரியமாக அனுப்பினார்" என்று சொல்லித்தான் அவன் அப்பத்தையும் வாளையும் வாங்கினான். அகிமெலேக்கு நம்பிக் கொடுத்தான். ராஜாவின் மருமகன், ராஜாவின் வேலையாக வந்திருக்கிறான் என்று நினைத்துக் கொடுத்தான்.

தோவேக்கு விழுங்கிவிட்டது அந்த ஒரே துண்டைத்தான். ஆசாரியன் ஏமாந்து கொடுத்தான் என்பதை விட்டுவிட்டான். அந்தத் துண்டு விடுபட்டதும், விருந்தோம்பல் ராஜதுரோகமாகிவிட்டது.

எபிரெயச் சங்கீதங்கள் கபடப் பேச்சின்மேல் கேட்கிற நியாயத்தீர்ப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. நாம் பொய் என்றால் நடந்ததற்கு மாறாகச் சொல்வது என்று நினைக்கிறோம். சங்கீதக்காரர்களின் கவலை அங்கே தொடங்கினாலும் அங்கே நிற்பதில்லை. இந்த வார்த்தை யாரை என்ன செய்தது என்பதே அவர்கள் கேட்பது. 52-ஆம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தில் இது சொல்லிலேயே இருக்கிறது. நீ பொய்யை விரும்புகிறாய் என்று சொல்லும்போது எபிரெயத்தில் இருக்கும் சொல் ஷெக்கெர். அதற்கு எதிராக உண்மை என்ற பொருளில் எமெத் என்ற சொல்தான் வரும் என்று எதிர்பார்ப்போம். வரவில்லை. செதெக் என்ற சொல் வருகிறது. நீதி என்று அர்த்தம். நீதியைப் பேசுவதைவிட ஷெக்கெரை விரும்புகிறாய் என்கிறது வசனம். ஷெக்கெர் என்பதற்கும் வெறும் தகவல் பிழை என்று பொருளில்லை. அதே வேரிலிருந்து வரும் வினைச்சொல், ஆதியாகமம் 21-இல் அபிமெலேக்கு ஆபிரகாமிடம் "எனக்கும் என் பிள்ளைகளுக்கும் வஞ்சனை செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணு" என்று கேட்கும் இடத்தில் வருகிறது. நம்பி நிற்பவனைக் கைவிடுவதுதான் அந்தச் சொல்லின் அடி.

யூத மரபு இதை ஒரு தனி வகையாகவே பிரித்தது. லாஷோன் ஹரா, தீய நாவு என்று பெயர். சொன்னது உண்மையாக இருந்தாலும், ஒருவனைக் கெடுக்கச் சொன்னால் அது குற்றம். அது மூன்று பேரைக் கொல்லும் என்று ரபிமார்களின் போதனைத் தொகுப்பான தல்மூது சொல்கிறது: சொன்னவனை, கேட்டவனை, யாரைப் பற்றிச் சொன்னார்களோ அவனை. கேட்டவன் பட்டியலில் இருப்பது முக்கியம். சவுல் கேட்டான், கேட்க ஆசைப்பட்டான், வயலும் திராட்சைத்தோட்டமும் பதவியும் பற்றிப் பேசி ஆசை காட்டிய பிறகு கேட்டான். "தன் செல்வப்பெருக்கை நம்பினவன்" என்று 52-ஆம் சங்கீதத்தின் ஏழாம் வசனம் அந்த மனிதனைச் சுட்டிக்காட்டும்போது, எனக்கு அந்த மேட்டில் சவுல் பேசிய பேரம்தான் நினைவுக்கு வருகிறது. இதோடு 101-ஆம் சங்கீதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அதில் ஒரு ராஜா உறுதி எடுக்கிறான்: தன் அயலானை மறைவில் அவதூறு பேசுகிறவனை ஒழிப்பேன், கபடு செய்கிறவன் என் வீட்டில் குடியிருக்கமாட்டான். மேட்டில் ஈட்டியோடு உட்கார்ந்திருந்தவன் செய்ய வேண்டியிருந்தது அதுதான்.

சரி, சட்டம் என்ன செய்தது? சட்டம் இருந்தது. உபாகமம் 19 தெளிவாகச் சொல்கிறது. ஒரே சாட்சியை வைத்து யார்மேலும் குற்றம் நிலைநிறுத்தக்கூடாது. இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் வேண்டும். பொய்ச்சாட்சி என்று நிரூபணமானால், அவன் தன் சகோதரனுக்கு என்ன செய்ய நினைத்தானோ அதையே அவனுக்குச் செய்ய வேண்டும். இந்த எண்ணம் இஸ்ரவேலுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பாபிலோனின் ஹம்முராபி தன் சட்டத்தொகுப்பைத் தொடங்குவதே இந்த விஷயத்தோடுதான்: ஒருவன்மேல் கொலைக்குற்றம் சாட்டி நிரூபிக்க முடியாமல் போனால், சாட்டியவன் சாக வேண்டும். கைரேகை கிடையாது, ஆவணம் குறைவு. ஊர்வாசலில் மூப்பர்கள் முன் இரண்டு பேர் சொல்லும் சொல்தான் ஒருவனின் உயிர். அந்த உலகத்தில் நாவு ஒரு ஆயுதம் என்பது உவமையே இல்லை, நடைமுறை.

நோபு வழக்கில் சாட்சி ஒரே ஒருவன். இரண்டாம் சாட்சியைச் சவுல் கேட்கவில்லை. அகிமெலேக்கின் பதிலைக் கேட்டான். கேட்டதும் "சாகவே சாவாய்" என்றான். ராஜா ஆசைப்பட்ட திராட்சைத்தோட்டத்தின் சொந்தக்காரன், யெஸ்ரயேல் ஊர் நாபோத்தின் கதையில் இன்னொரு விதம். அங்கே சட்டப்படி இரண்டு சாட்சிகளும் இருந்தார்கள், உபவாசம் கூறினார்கள், ஊர் மூப்பர்கள் கூடினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. இரண்டு சாட்சிகளும் ராணி ஏற்பாடு செய்த போக்கிரிகள். நாபோத்து கல்லெறியுண்டு செத்தான். திராட்சைத்தோட்டம் ராஜாவுக்குப் போனது. சட்டத்தை மீறியும் கொல்லலாம், சட்டத்தை வைத்தும் கொல்லலாம். இரண்டு இடத்திலும் நியாயாசனத்தில் இருப்பவனே கெட்டுப்போயிருக்கிறான் என்றால், குற்றம் சாட்டப்பட்டவன் மேல்முறையீட்டுக்கு எங்கே போவான்?

சங்கீதங்களின் பெரிய பகுதி அந்த மேல்முறையீடுதான். 1928-இல் ஹான்ஸ் ஷ்மிட் என்ற ஜெர்மன் அறிஞர், இவற்றில் பல பாட்டுகள் குற்றம் சாட்டப்பட்டு ஆலயத்தில் தீர்ப்புக்குக் காத்திருந்தவர்களின் ஜெபங்கள் என்று வாதிட்டார். ஊர்வாசலில் தீர்க்க முடியாத வழக்கு ஆலயத்துக்குப் போகும், பலிபீடத்தின் முன் சத்தியம் செய்ய வேண்டும், கர்த்தர் குற்றவாளியையும் நீதிமானையும் பிரித்துக் காட்டுவார் என்ற நடைமுறை முதலாம் இராஜாக்கள் 8-இல் சாலொமோனின் ஜெபத்திலேயே இருக்கிறது. அவருக்குச் சில வருஷம் முன்பு, 1921-இல், நார்வேயின் சிக்மண்ட் மோவிங்கல் வேறொன்று சொன்னார்: சங்கீதங்களில் வரும் "அக்கிரமக்காரர்" மந்திரவாதிகள், அவர்களுடைய கேடான வார்த்தை என்பது சூனியம். பிற்பாடு அவரே அந்தக் கருத்தைத் தளர்த்திக்கொண்டார். எனக்கு ஷ்மிட்டின் பக்கம்தான் மனம் சாய்கிறது, எல்லாப் பாட்டுக்கும் அது பொருந்தாது என்றாலும். ஆனால் மோவிங்கல் ஒன்றைச் சரியாகத் தொட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த மக்களுக்கு வார்த்தை, வாயை விட்டுப் போனதும் தானாகப் போய் வேலை செய்கிற பொருள்.

52-ஆம் சங்கீதத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உவமையிலேயே வழக்கு இருக்கிறது. கபடு செய்கிற நாவு தீட்டின சவரகன் கத்தி என்கிறது நம் பழைய வேதாகமம். ஏன் வாள் என்று சொல்லவில்லை? மற்றப் பாட்டுகளில் நாவு வாள்தான், அம்புதான். வாளைப் பார்த்தால் ஓடலாம். சவரகன் கத்தி அப்படியில்லை. சவரக்கடையில் நாற்காலியில் சாய்ந்து, தாடையைத் தூக்கி, தொண்டையைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்கிறவனை நினைத்துப் பாருங்கள். நம்பிக் கழுத்தைக் கொடுத்தவனிடம் மட்டுமே அந்தக் கத்தி நெருங்கும். அதோடு வரும் ரெமிய்யா, கபடு என்று பொருள்படும் சொல்லும் கவனிக்கத்தக்கது. ஓசியா தீர்க்கதரிசி அதே சொல்லை வில்லுக்குப் போடுகிறார்: பிடித்தவனை ஏமாற்றிக் குறி தப்புகிற வில். ஆக, நம்பின கருவி கையிலேயே திரும்பிக்கொள்கிற துரோகம். தோவேக்கு அன்று நோபுவில் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் கதை சொல்கிறது. அவன் கர்த்தருடைய சந்நிதியில் தங்கியிருந்தான். ஆலயத்துக்குள் இருந்தவன். ஆசாரியன் அவனைப் பார்த்து ஒதுங்கக் காரணமே இல்லை.

இனி தீர்ப்பு. ஐந்தாம் வசனத்தில் நான்கு வினைச்சொற்கள் வரிசையாக வந்து விழுகின்றன. முதல் சொல், கட்டடத்தையும் பலிபீடத்தையும் இடித்துப் போடுவதற்கு வருவது. கிதியோன் பாகாலின் பலிபீடத்தை இடித்தபோது வருகிற சொல். இரண்டாவது விசித்திரமானது. அடுப்பிலிருந்து தணலை வாரி எடுப்பதற்கு மட்டும்தான் எபிரெயத்தில் அதைப் பயன்படுத்துவார்கள்: மடியில் நெருப்பை வாரி வைத்துக்கொள்ள முடியுமா என்று நீதிமொழிகள் கேட்கிறதே, அங்கே வருவது. எரிகிற கொள்ளியை அடுப்பிலிருந்து எடுத்து வெளியே எறிவதுபோல அவனை எடுத்துவிடுவார். மூன்றாவது, கூடாரத்திலிருந்து பிடுங்குவது. நான்காவது, வேர் என்ற பெயர்ச்சொல்லிலிருந்தே செய்த வினை: ஜீவனுள்ளோர் தேசத்திலிருந்து உன்னை வேரறுப்பார். வீடு, அடுப்பு, கூடாரம், நிலம். ஒருவன் ஓர் ஊரில் வாழ்கிறான் என்பதற்கு என்னவெல்லாம் அடையாளமோ அவ்வளவும் போகிறது. நோபு ஊருக்கு நடந்ததும் சரியாக அதுதானே.

சங்கீதங்களின் தீர்ப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும், செய்த செயலின் உருவத்திலேயே. 64-ஆம் சங்கீதத்தில் பொல்லாதவர்கள் நாவை வாளாகத் தீட்டுகிறார்கள், கசப்பான வார்த்தையை அம்பாகத் தொடுக்கிறார்கள், மறைவிலிருந்து "திடீரென்று" எய்கிறார்கள். மூன்று வசனம் தள்ளி தேவன் அவர்கள்மேல் அம்பை எய்கிறார். "திடீரென்று". பித்தோம் என்ற அதே சொல். அப்புறம், அவர்கள் நாவே அவர்களைத் தடுக்கி விழப்பண்ணுகிறது. உபாகமத்தின் சட்டம் இது, நினைத்தது நினைத்தவனுக்கே. ஊர்வாசல் நிறைவேற்றத் தவறிய தீர்ப்பை நீர் நிறைவேற்றும் என்று கேட்கிறார்கள்.

120-ஆம் சங்கீதம் இன்னும் சுருக்கம். கபட நாவே, உனக்கு என்ன கிடைக்கும், இன்னும் என்ன கூட்டிக் கிடைக்கும் என்று நாவைப் பார்த்தே பேசுகிறது. "கர்த்தர் எனக்கு இப்படியும் இதற்கு மேலும் செய்யக்கடவர்" என்று ரூத் சொல்கிற சத்தியத்தின் வார்ப்பு அந்தக் கேள்வியில் கேட்கிறது. பதில்: பராக்கிரமசாலியின் கூர்மையான அம்புகள், அதோடு சூரைச்செடியின் தணல். தமிழில் சூரைச்செடி என்று போட்டிருப்பது ரோத்தெம் என்ற பாலைவனப் புதர், வெள்ளைப் பூப் பூக்கும். அதன் வேர்க்கரி நெடுநேரம் கனன்றுகொண்டே இருக்கும். ஆதியாகமத்துக்கான பழைய யூத விளக்கநூல் ஒன்று சொல்கிறது: மற்றக் கரியெல்லாம் வெளியே அணைந்தால் உள்ளேயும் அணைந்துவிடும், ரோத்தெம் கரி வெளியே அணைந்தாலும் உள்ளே எரியும், ஒரு ரோத்தெம் மரத்துக்குத் தீ வைத்தார்கள், அது 18 மாதம் எரிந்தது, மாரி, கோடை, மறுபடி மாரி. அவதூறுக்கு ஆளான யாருக்கும் அந்த 18 மாதம் மிகையாகத் தெரியாது. எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்த பிறகு, ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் பார்க்கிற பார்வையில் தெரிந்துவிடும், உள்ளே இன்னும் கனல் இருக்கிறதென்று.

12-ஆம் சங்கீதத்தில் கர்த்தரே பேசுகிறார், அதனால் அங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். முதலில் புகார். அவர்கள் வழவழப்பான உதட்டால் பேசுகிறார்கள்; எபிரெயத்தில் "இதயத்தாலும் இதயத்தாலும்" பேசுகிறார்கள், ஒருவனுக்கு இரண்டு இதயம். தமிழில் இருமனம் என்று போட்டது அழகான மொழிபெயர்ப்பு. அந்த இச்சக உதடுகளைக் கர்த்தர் அறுத்துப்போட வேண்டும் என்று ஜெபம். அடுத்து, அவர்களுடைய சொந்த வாய்மொழி: எங்கள் நாவால் ஜெயிப்போம், எங்கள் உதடு எங்களுடையது, எங்களுக்கு ஆண்டவன் யார்? இதில் எந்தப் பொய்த்தகவலும் இல்லை. பேச்சு என் சொத்து, அதற்கு நான் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்கிற நினைப்புதான் இருக்கிறது.

அந்த இடத்தில் கர்த்தர் குறுக்கிடுகிறார். நான் எழுந்தருள்வேன் என்கிறார். காரணமாக என்ன சொல்கிறார் என்பதைப் பாருங்கள். அவர்கள் என்னை அவமதித்தார்கள் என்று சொல்லவில்லை. ஏழைகள் கொள்ளையிடப்படுவதினிமித்தம், எளியவர்களின் பெருமூச்சினிமித்தம் என்கிறார். வழவழப்பான பேச்சு எங்கேயோ யாருடைய நிலத்தையோ, கூலியையோ, பெயரையோ தின்றுகொண்டிருக்கிறது. கர்த்தரின் காதில் விழுவது பேச்சின் சத்தத்தைவிட அந்தப் பெருமூச்சுதான்.

அப்புறம்தான் புகழ்பெற்ற வசனம் வருகிறது, கர்த்தரின் சொற்கள் மண் குகையில், அதாவது உலோகம் உருக்கும் மண்பாத்திரத்தில், ஏழு தரம் உருக்கிப் புடமிட்ட வெள்ளி என்று. பொற்கொல்லர் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கசடு ஒவ்வொரு முறையும் ஒதுங்க ஒதுங்க, உலோகத்தின் முகம் தெளியும். மனிதர் பேச்சின் இரட்டை இதயத்துக்கு எதிரே, கலப்பில்லாத ஒற்றை உலோகம். 1979-இல் எருசலேமில், கேதெஃப் ஹின்னோம் என்ற இடத்துக் கல்லறையில், கேப்ரியேல் பர்காய் தலைமையில் தோண்டியபோது இரண்டு சிறிய வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. மெதுவாகப் பிரித்துப் பார்த்தால், "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காப்பாராக" என்ற ஆசாரிய ஆசீர்வாதம் வெள்ளித் தகட்டில் கீறியிருந்தது. கி.மு. ஏழு, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்தச் சங்கீதத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் கர்த்தரின் சொல்லையும் வெள்ளியையும் சேர்த்து நினைத்து, அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்த மனிதர்கள் அந்த ஊரில் இருந்தார்கள் என்பது எனக்கு அந்த வசனத்தைக் கையில் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கிறது.

12-ஆம் சங்கீதம் எப்படி முடிகிறது தெரியுமா? கர்த்தர் பேசிவிட்டார், வாக்குக் கொடுத்துவிட்டார். கடைசி வசனத்தில் துன்மார்க்கர் இன்னும் எங்கும் சுற்றித் திரிகிறார்கள்.

50-ஆம் சங்கீதம் இந்தத் தாமதத்தைப் பற்றித் தேவனையே பேச வைக்கிறது. வழக்குமன்றக் காட்சி, வானத்தையும் பூமியையும் கூப்பிடுகிறார். குற்றக்கூண்டில் நிற்பவர்கள் வேதம் சொல்கிறவர்கள், உடன்படிக்கையை வாயில் வைத்திருப்பவர்கள். உன் வாயைப் பொல்லாப்புக்குத் திறந்தாய், உன் நாவு கபடத்தைப் பிணைத்தது, நீ உட்கார்ந்து உன் சகோதரனுக்கு விரோதமாகப் பேசினாய், உன் தாயின் மகனுக்கு அவதூறு உண்டாக்கினாய். இதில் "உட்கார்ந்து" என்ற சொல் என்னை உறுத்தும். நின்று கோபத்தில் கத்திய பேச்சு இல்லை, சாவகாசமாக உட்கார்ந்து பேசியது. அடுத்து வருவது: இவைகளை நீ செய்தாய், நான் மவுனமாயிருந்தேன், நானும் உன்னைப்போன்றவன் என்று நினைத்துக்கொண்டாய். தேவனின் மவுனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதே குற்றப்பத்திரிகையின் கடைசிக் குற்றம். தீர்ப்போ, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி உன் கண் முன் வைப்பேன் என்பது. இடியும் மின்னலும் இல்லை. பேசினதெல்லாம் வரிசையாக முன்னால் நிற்கும்.

இப்படிக் கேட்கும் ஜெபங்கள் பலருக்குக் கூச்சமாக இருக்கின்றன. அந்தக் கூச்சம் நியாயமானதும்கூட. 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் அளித்த கத்தோலிக்கரின் அன்றாட ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையிலிருந்து 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுவதுமாக நீக்கப்பட்டன. 109-இன் சாபங்கள் வாய்விட்டு வாசிக்கக் கடினமானவை: அவன் பிள்ளைகள் திக்கற்றவர்களாகட்டும், அவன் மனைவி விதவையாகட்டும். ஆனால் அந்தப் பாட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் எதிரிகள் பலர்; நடுவில் சாபம் விழுவது ஒரே ஒருவன்மேல். அதனால் அந்தச் சாபங்கள் சங்கீதக்காரனுடையவை அல்ல, அவனுக்கு எதிராக வழக்கில் எதிரிகள் சொன்னவை, அவன் அதைத் தேவன் முன் அப்படியே ஒப்பிக்கிறான் என்று ஒரு சாரார் வாசிக்கிறார்கள். அப்படி எடுத்தால் ஆறாம் வசனத்தில் எதிரிகள், அவனுடைய வலதுபக்கம் ஒரு குற்றஞ்சாட்டுகிறவன் நிற்கட்டும் என்கிறார்கள்; கடைசி வசனத்தில், எளியவனின் வலதுபக்கம் கர்த்தர் வந்து நிற்கிறார், அவன் ஆத்துமாவைத் தீர்ப்புக்குட்படுத்துகிறவர்களிடமிருந்து காப்பாற்ற. அதே இடம், நிற்பவர் மாறிவிட்டார். இரண்டு வாசிப்பில் எது சரி என்று அறிஞர்கள் முடிவு கட்டிவிடவில்லை. எப்படி வாசித்தாலும், கேட்டவர்கள் பழியைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெளிவு. வழக்கை ஒப்படைக்கிறார்கள், கத்தியை எடுக்கவில்லை.

சரி, தோவேக்குக்கு என்ன ஆனது? இதுதான் யாரும் எதிர்பார்க்காதது: சாமுவேல் புத்தகம் அதைச் சொல்லவே இல்லை. நோபுவை வெட்டிய பிறகு அவன் கதையிலிருந்து மறைந்துவிடுகிறான். இடிப்பார், வாரி எறிவார், பிடுங்குவார், வேரறுப்பார் என்று சங்கீதம் சொன்னது நடந்ததா என்று சொல்ல ஒரு வசனம்கூட இல்லை. ரபிமார்களால் அதைத் தாங்க முடியவில்லை. இரத்தப்பிரியரும் சூதுள்ளவரும் தங்கள் ஆயுசின் பாதிவரைகூட வாழமாட்டார்கள் என்று 55-ஆம் சங்கீதம் முடிகிறதல்லவா. ஆயுசு 70 என்றால் பாதி 35. அதனால் தோவேக்கு 34 வயதுதான் வாழ்ந்தான் என்று தல்மூது கணக்குப் போடுகிறது. மூன்று அழிவுத்தூதர்கள் வந்தார்களாம்: ஒருவன் அவன் கற்றதை மறக்கச் செய்தான், ஒருவன் அவன் ஆத்துமாவை எரித்தான், ஒருவன் சாம்பலை ஜெப ஆலயங்களிலும் கல்விக்கூடங்களிலும் தூவினான். வரப்போகும் உலகத்தில் பங்கில்லாத சாதாரண மனிதர் நால்வரில் ஒருவனாக, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா அவனை வைக்கிறது. மூல நூல் விட்ட இடத்தை அவர்கள் இவ்வளவு உக்கிரமாக நிரப்பியதைப் பார்க்கும்போது, நோபுவின் கணக்கு திறந்தே கிடப்பது எத்தனை தலைமுறையை உறுத்தியிருக்கிறது என்று புரிகிறது.

தலைப்பு பாட்டுக்குப் பின்னால் சேர்க்கப்பட்டது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். தாவீதின் வாழ்க்கைச் சம்பவத்தைச் சொல்லும் தலைப்புகள் 13 சங்கீதங்களுக்கு இருக்கின்றன. பாட்டை எப்படி வாசிக்கவேண்டும் என்று பின்வந்தவர்கள் காட்டிய வழிகள் அவை என்பது அவர்கள் வாதம். இருக்கலாம். பாட்டுக்குள் நோபு என்ற பெயரோ ஆசாரியரோ இல்லைதான். ஆனால் அந்தத் தலைப்பை எழுதியவர் யாராக இருந்தாலும், எட்டாம் வசனத்தை எந்தக் கதைக்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்று தெரிந்தே வைத்திருக்கிறார். "நானோ தேவனுடைய வீட்டில் பச்சையான ஒலிவமரம்" என்கிறது அந்த வசனம். தேவனுடைய வீடு நோபுவில் இருந்தது. அதில் பச்சையாக ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒருவன் மிஞ்சினான். அகிமெலேக்கின் மகன் அபியத்தார் மட்டும் தப்பி, கையில் ஏபோத்தை எடுத்துக்கொண்டு தாவீதிடம் ஓடிவந்தான். நடந்ததைச் சொன்னான். தாவீது தோவேக்கைத் திட்டவில்லை. "அன்றைக்கே தெரியும். தோவேக்கு அங்கே நிற்பதைப் பார்த்தபோதே, இவன் போய்ச் சொல்லத்தான் போகிறான் என்று எனக்குத் தெரியும். உன் தகப்பன் வீட்டாருடைய உயிர் போனதற்கு நானே காரணம்" என்றான். தான் சொன்ன பொய்யை அவன் மறக்கவில்லை. ஒலிவமரத்தை அடியோடு வெட்டினாலும் வேரடியிலிருந்து துளிர் கிளம்பும். வேரை அறுத்தால்தான் போச்சு. முகம் வெளுத்து ஏபோத்தோடு நின்ற அந்தப் பையனிடம் தாவீது சொன்னான்: "என்னோடேயே இரு, பயப்படாதே. என் உயிரைத் தேடுகிறவன்தான் உன் உயிரையும் தேடுகிறான். என்னிடத்தில் நீ பத்திரமாக இருப்பாய்."